வீடியோ அழைப்பில் நமக்குப் பின்னால் தெரிவது யாருடைய வீடு?

எங்கள் உக்குவளையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி கொழும்பு நிறுவனம் ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே ஸூம் மூலம் தோற்றினாள். நல்ல ஸ்கார்ப் அணிந்து, ஹோலின் மேசையில் மடிக்கணினியை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பே தயாராக இருந்தாள். கேள்விகளுக்கும் நன்றாகவே பதில் சொன்னாள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேர் பின்னால் குசினிக் கதவு இருந்தது. பரீட்சையின் நடுவில், உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதை அறியாத அவளுடைய உம்மா, வுழூச் செய்துவிட்டுத் தலையில் துணி இல்லாமல் அந்தக் கதவைக் கடந்துபோனார். இரண்டு மூன்று விநாடிகள்தான்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு வேலை கிடைத்தது. ஆனால் அன்று அஸருக்குப் பிறகு அந்த உம்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அதுல இருந்த ஆம்புளைகள் என்னப் பாத்திருப்பாங்களா மகள்?"

பாத்திருப்பார்கள். ஒருவேளை அந்த அழைப்பு பதிவும் செய்யப்பட்டிருக்கலாம். பிள்ளையால் "இல்லை" என்று சொல்ல முடியவில்லை.

வீட்டிலிருந்து கணக்குப் பதிவு வேலை செய்பவன் நான். தினமும் இரண்டு மூன்று வீடியோ அழைப்புகள் எனக்கு உண்டு. ஊர்ப் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சைக்கு முன் "பின்னணியை எப்படி வைப்பது?" என்று என்னிடம் கேட்பார்கள். பல காலம் நான் சொன்ன பதில் அழகைப் பற்றியதாகவே இருந்தது. அந்த உம்மாவின் கேள்விக்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இது புதிய பிரச்சினை அல்ல

2017 மார்ச் 10ஆம் திகதி, தென்கொரியாவின் பூசான் நகரிலுள்ள தன் வீட்டு அறையிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெலி பிபிசி தொலைக்காட்சிக்கு நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். தென்கொரிய ஜனாதிபதியின் பதவி நீக்கம் பற்றிய செவ்வி அது. பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு மகள் ஆடிக்கொண்டே வந்தாள். அடுத்து நடைவண்டியில் கைக்குழந்தை வந்தது. பிறகு தாய் ஓடிவந்து இருவரையும் இழுத்துச் சென்றார். உலகமே பார்த்துச் சிரித்தது. அவர்களும் பின்னர் அதைச் சிரித்தே ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று அது வேடிக்கையாக இருந்தது. மூன்று வருடங்களில் கொரோனா வந்தது. 2019 டிசம்பரில் ஸூம் கூட்டங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 1 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். 2020 ஏப்ரலில் அந்தத் தொகை 30 கோடியானது. நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கு வந்தது. வகுப்பு, கூட்டம், பயான், நிக்காஹ் எல்லாமே வீட்டுக்குள் வந்தன. கொரோனா போய்விட்டது, கெமரா போகவில்லை.

அறிவுரைகள் எந்த வீட்டுக்காக எழுதப்பட்டவை?

இணையத்தில் தேடினால் பின்னணி பற்றி நிறைய அறிவுரைகள் கிடைக்கும். புத்தக அலுமாரி ஒன்றை வையுங்கள், செடி ஒன்றை வையுங்கள் என்பார்கள். அது வெறும் பேச்சும் அல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 167 பேரிடம் வெவ்வேறு பின்னணி கொண்ட முகங்களைக் காட்டி, யார் நம்பகமானவர், யார் திறமையானவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். புத்தக அலுமாரியும் செடியும் பின்னால் இருந்தவர்களுக்கு அதிக மதிப்புக் கிடைத்தது. சாதாரண வீட்டு ஹோலும் வேடிக்கையான படமும் பின்னால் இருந்தவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. சிரித்த முகத்துக்கு நல்ல மதிப்பு என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

ஆனால் இந்த அறிவுரைகள் எல்லாம் தனி அறை உள்ள வீட்டை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன. உக்குவளையிலோ வரக்காமுறையிலோ கலேவெலயிலோ பெரும்பாலான நம் வீடுகளில் ஹோல்தான் பாதை. முன் கதவிலிருந்து குசினிக்குப் போக ஹோலைக் கடக்க வேண்டும். அறையிலிருந்து குளியலறைக்குப் போகவும் அப்படித்தான். ஒருவர் அங்கே கெமராவைத் திறந்தால், முழு வீடும் ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்க வேண்டியதாகிறது. அதிலும் அதிகம் ஒளிய வேண்டியவர்கள் பெண்களே.

ஆகவே, என் பின்னணி அழகாக இருக்கிறதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என் கெமராவுக்குள் யாருடைய வீடு தெரிகிறது? அது எனக்கு மட்டும் சொந்தமான இடம் அல்லவே!

அனுமதி கேட்கும் மார்க்கம்

பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லுமாறு ஸூரத்துந் நூரின் 27ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அதே ஸூராவின் 58ஆவது வசனம் வீட்டுக்குள்ளேயே, சிறு பிள்ளைகள்கூட, மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே வர வேண்டும் என்கிறது: பஜ்ருக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின். நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி என்பதே பார்வையின் காரணமாகத்தான் விதிக்கப்பட்டது என்ற கருத்தில் அவர்கள் கண்டித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு.

நான் ஆலிம் அல்லன். பத்வா சொல்லவும் வரவில்லை. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளின் அழைப்புகள் எந்த நேரத்தில் வருகின்றன? குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால் மாத்தளையில் இரவு 8.30. நியூயோர்க்கில் காலை 10 மணி என்றாலும் இங்கே அதே இரவு 8.30தான். இஷாவுக்குப் பின், வீட்டார் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் அதே நேரத்தில் வேற்று ஆட்கள் பத்துப் பேரை ஹோலுக்குள் அழைத்துவருகிறோம். கதவைத் தட்டவில்லை, ஸலாமும் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர்கள் நாமேதான்.

இடத்தை எப்படித் தெரிவு செய்வது?

முதல் விதி: யாரும் கடக்க வேண்டியிராத சுவரே நல்ல பின்னணி. அந்தச் சுவர் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேசையைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, நாம் சுவரைப் பார்த்து உட்காருவதுதான் நம் பழக்கம். அப்போது கெமரா முழு ஹோலையும் பார்க்கும். மேசையைத் திருப்பி, நம் முதுகு சுவர்ப் பக்கம் இருக்குமாறு உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுவருக்கும் நமக்கும் இடையில் இரண்டு மூன்று அடி இருந்தால் நிழல் விழாது. அந்த இடைவெளியில் நடந்துபோக ஒருவருக்கும் தேவை இருக்காது.

இரண்டாவது, வெளிச்சம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஜன்னல் முன்னால் அல்லது பக்கவாட்டில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மாத்தளையில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுவது நமக்குத் தெரியும். அப்போது மேசை விளக்கு ஒன்றை வெள்ளைச் சுவருக்கோ வெள்ளைத் தாளுக்கோ திருப்பிவைத்தால், தெறிக்கும் ஒளி முகத்தில் மென்மையாக விழும்.

மூன்றாவது, கெமராவின் உயரம். அது கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் கூரையும் மின்விசிறியும்தான் தெரியும். மடிக்கணினிக்கு அடியில் பிஸ்கட் டின்னையோ பழைய பாடப் புத்தகங்களையோ வைக்கலாம். அவசரத்தில் கையில் அகப்படும் கிதாபுகளை அடுக்கிவிடாதீர்கள்.

நான்காவது, கண்ணாடி. அலுமாரிக் கண்ணாடியும் படச் சட்டத்தின் கண்ணாடியும் கெமரா பார்க்காத மறுபக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். அறையின் மறுபக்கத்தில் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ராத்தா கண்ணாடியில் தெரியலாம்.

ஐந்தாவது, எழுத்து. சுவரில் ஒட்டிய மின்சாரப் பில், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, ஊர்ப் பெயர் போட்ட கலண்டர் எல்லாம் தெளிவான கெமராவில் வாசிக்கக்கூடியவை. நம் விலாசத்தை அறியாத ஆட்களிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

சுவரே கிடைக்காத வீடும் உண்டு. அதற்கு ஒரு கயிறும் சுருக்கமில்லாத ஒரே நிறத் துணியும் போதும். நானும் என் ஹோலின் மூலையில் இளம் சாம்பல் நிறத் திரைச்சீலை ஒன்றைத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒதுக்கிவிடலாம். துணியின் நிறமும் ஸ்கார்பின் நிறமும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மங்கலாக்கினால் போதாதா?

"பிளர் போட்டால் முடிந்ததுதானே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாது. மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் எது மனித உருவம், எது பின்னணி என்று ஊகித்து, மனிதரை விட்டுவிட்டு மற்றதை மங்கலாக்குகிறது. பின்னால் இன்னொருவர் நடந்தால் அவரும் மனிதர்தானே! பல வேளைகளில் அவரையும் தெளிவாகவே காட்டிவிடும். நாம் சட்டென அசையும்போது ஓரங்களில் உண்மையான அறை எட்டிப்பார்க்கும். வெளிச்சம் குறைந்தாலோ ஸ்கார்பும் சுவரும் ஒரே நிறமாக இருந்தாலோ தலையின் ஓரம் அரித்தது போலத் தெரியும். பழைய மடிக்கணினிகளில் இந்த வசதி வேகமாக இயங்காது. கைத்தொலைபேசியில் பெட்டரியையும் தின்றுவிடும். கரண்ட் போய்விட்டால் அந்தப் பெட்டரிதான் கடைசி நம்பிக்கை.

எனவே பிளர் என்பது சிதறிய சாமான்களை மறைக்கத்தான். மனிதரை மறைக்க அல்ல. அதை நம்பி வீட்டாரைப் பின்னால் நடமாட விடாதீர்கள்.

கொழும்பு மாடிக் கட்டடத்தில் இருப்பது போன்ற படத்தை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மறைப்பது வேறு, இல்லாததைக் காட்டுவது வேறு. "எங்கே இருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டால், மாத்தளையில் என் வீட்டிலிருந்து என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். அதில் என்ன குறை?

சுவரில் இருக்கும் கஃபா

அடிக்கடி, அதுவும் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. "பின்னால் கஃபா படமும் ஆயத்துல் குர்ஸியும் இருக்கின்றன. கழற்றிவிடவா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் பக்கத்து மாவட்டத்துத் திகனயையும், 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் நம் சமூகம் கடந்த மாதங்களையும் பார்த்த பிள்ளைகள் இவர்கள். எதைக் காட்டினால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அவர்களின் மனதில் பதிந்துவிட்டது.

என் பதில் இதுதான். கண்ணாடிச் சட்டம் விளக்கொளியைத் தெறித்து முகத்தைக் கெடுக்கிறது என்றால், மேசையைச் சற்றுத் திருப்புங்கள். பயத்துக்காகக் கழற்ற வேண்டாம். ஸ்கார்ப் அணிந்த முகமும் உங்கள் பெயரும் ஏற்கெனவே திரையில் இருக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ளாத நிறுவனம், சுவரைக் காலியாக்குவதால் மட்டும் உங்களை ஏற்றுக்கொள்ளப்போவதில்லை.

வீட்டாரோடு ஒரு பேச்சு

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அழைப்புக்கு முன் வீட்டாரிடம் சொல்வது. "இத்தனை மணிக்குத் தொடங்கும், இத்தனை மணிக்கு முடியும், கெமரா இந்த இடத்தை மட்டும்தான் பார்க்கும்" என்று சொல்லி, திரையில் என்ன தெரிகிறது என்பதை உம்மாவுக்கு ஒரு முறை காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில், கெமரா திறந்திருக்கும் நேரத்தில் கதிரையின் முதுகில் சிவப்புத் துவாய் ஒன்றைப் போட்டுவைப்பது வழக்கம். வாசிக்கத் தெரியாத உம்மம்மாவுக்கும் அது விளங்கும். பேசி முடிந்ததும், கெமரா மூடப்பட்டதா என்று பார்த்த பிறகே துவாயை எடுப்பேன்.

நேர்முகம் நடத்தும் இடத்தில் நம் சகோதரர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் தெரியும் சுவரை வைத்து ஒரு பிள்ளையின் தகுதியை எடை போடாதீர்கள். பதிவு செய்வதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டார் யாரும் தவறுதலாகத் திரையில் வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். "சற்று கெமராவை மூடிவிட்டு வாருங்கள்" என்று சொல்ல ஐந்து விநாடி போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். மேசை இப்போது ஹோலின் மறுகோடியில், சுவருக்கு முதுகைக் காட்டியபடி இருக்கிறது. சென்ற வாரம் நான் அவளுடைய வாப்பாவைச் சந்திக்கப் போயிருந்தபோது அவள் கூட்டம் ஒன்றில் இருந்தாள். மடிக்கணினியின் மறுபக்கம், கெமராவின் முதுகுக்குப் பின்னால், உம்மா தன் பாட்டில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.