ஊசி போடும் நாளில் தெரியும் தொழுவத்தின் லட்சணம்

கறவை மாட்டை அன்றாடம் கட்டிவைக்கக் கழுத்துக் கயிறும் ஒரு தறியும் போதும். சினை ஊசி, சினைப் பரிசோதனை, குளம்பு வெட்டுவது என்று வரும்போதுதான் சிக்கல். இரண்டு பேர் கொம்பைப் பிடிக்க, ஒருவர் வாலை முறுக்க, மாடு மிரண்டு துள்ள, மருத்துவர் எட்டி நிற்கிறார். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை இந்த மல்லுக்கட்டு எதற்கு? ஐந்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ட்ராவிஸ் தேவை என்பேன்.

கால்நடை மருந்தகத்தில் நான்கு தூண் நட்டு, குறுக்கே குழாய் அடித்திருப்பார்களே, அதுதான் ட்ராவிஸ். அகலம் இரண்டரை அடி இருந்தால் கலப்பினப் பசு உள்ளே திரும்ப முடியாது. உங்கள் தொழுவத்திலேயே பெரிய மாட்டை அளந்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கழுத்துப் பக்கம். கழுத்துக்குக் கீழே படுக்கைவாட்டில் கம்பி இருந்தால், மாடு முட்டி போட்டுச் சரியும்போது அது குரல்வளையை நெரித்துவிடும். கழுத்தின் இரு பக்கமும் நெட்டுக்கம்பி இருந்தால், சரிந்தாலும் தலை கம்பியோடு கீழே இறங்கும், மூச்சு நிற்காது. பின்பக்கக் கம்பியிலும் ஆபத்து உண்டு. சினை ஊசி போடுபவரின் கை மாட்டின் உள்ளே இருக்கும்போது மாடு திடீரென உட்கார்ந்தால், உயரமான கம்பியில் சிக்கி அந்தக் கை முறியலாம். அந்தக் கம்பி தாழ்வாக, ஒரே இழுப்பில் உருவும்படி இருக்கட்டும். பக்கக் குழாய்களும் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். விழுந்த மாட்டை வெளியே எடுக்க வேறு வழியில்லை. தரையில் வரி போட்ட சிமெண்ட் அல்லது ரப்பர் விரிப்பு அவசியம். கால் வழுக்கினால் எந்த மாடும் மிரளும்.

பத்து மாட்டுக்கு மேல் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்கள் தீவனத் தொட்டி நெடுக, தின்ன நீட்டும் கழுத்தைப் பூட்டிப் பிடிக்கும் ஹெட்லாக் வைக்கலாம். மாட்டுக்கு இரண்டடி இடம் விடுங்கள். வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள். வெயில் நேரத்தில் பூட்டி வைக்கவே வேண்டாம். உடலை நெருக்கிப் பிடிக்கும் வெளிநாட்டு இரும்புக் கூண்டுகள் மனிதர் கைபடாமல் மேயும் மாடுகளுக்கானவை. தினமும் கறக்கும் பசுவுக்கு அந்தச் செலவு வீண்.

கயிறு வாங்கும்போது நைலானைத் தவிருங்கள். அது தோலை அறுக்கும், இறுகினால் அவிழாது. பருத்திக் கயிற்றில், இழுத்ததும் அவிழும் முடிச்சுப் போடுங்கள். கறக்கும்போது பின்னங்காலில் கட்டும் அணைகயிறு உதைக்கிற மாட்டுக்கு மட்டும் போதும். உதைப்பதற்குக் காரணமாகக் காம்பில் புண்ணோ மடிநோயோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிரண்ட மாட்டின் உடலில் அட்ரினலின் சுரந்து பால் இறங்குவதைத் தடுக்கும். அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றிலோ கனமான சங்கிலியிலோ நீண்ட நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ட்ராவிஸ் நட்டதும் ஊசிக்கு அவசரப்படாதீர்கள். சில நாள் அதற்குள்ளேயே தவிடு வையுங்கள், மாடு தானாக நுழையப் பழகும். வெல்டிங் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன் எல்லாத் தாழ்ப்பாளையும் நீங்களே ஒற்றைக் கையால் திறந்து பாருங்கள். திறக்க வராததைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள்.