சான்றும் நம்பிக்கையும்

கடவுள் உண்டு என்பதை ஐயந்திரிபற நிறுவும் சான்று இல்லையென ஒரு பேச்சுக்குக் கொள்வோம். அந்நிலையில் அவரை நம்புவோனை அறிவுடையோன் எனல் தகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினாவுக்கு முற்றும் மாறுபட்ட விடைகள் கூறிய அறிஞர் இருவர். ஒருவர் ஆங்கிலேயக் கணித மேதை டபிள்யூ. கே. கிளிஃபோர்ட், மற்றவர் அமெரிக்க உளநூற் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ்.

கிளிஃபோர்ட் இளமையில் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவராயிருந்து, பின்னர் அதனைத் துறந்தவர். நம்பிக்கையின் அறம்பற்றி 1877 இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு கதையோடு தொடங்குகின்றது. கப்பற் சொந்தக்காரன் ஒருவன். அவனுடைய கப்பலோ பழையது. குடிபெயர்ந்து செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்பட நிற்கின்றது. அதன் உறுதிபற்றி அவன் உள்ளத்தில் ஐயம் எழுகின்றது. சோதித்துப் பழுதுபார்ப்பதாயின் பெருஞ்செலவாகும். முன்னர் எத்தனையோ புயல்களைத் தாங்கிய கப்பல், இம்முறையும் இறைவன் காப்பான் எனத் தன்னைத் தேற்றி ஐயத்தை அடக்கிவிடுகின்றான். கப்பல் நடுக்கடலில் தாழ்கின்றது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்கின்றான்.

அவன் மெய்யாகவே நம்பினான். ஆயினும் அவனே குற்றவாளி. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருப்பினும் அக்குற்றம் குறையாது. ஏனெனில், கையிலிருந்த சான்றை நோக்க அவ்வாறு நம்புதற்கு அவனுக்கு உரிமை இல்லை. இதுவே கிளிஃபோர்டின் தீர்ப்பு. 1870 இன் இறுதியில் சூரிய கிரகணம் காணச் சென்றபோது, சிசிலித் தீவின் அருகே தாம் ஏறிய கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர். அவ்வநுபவந்தான் இக்கதையைத் தந்தது என்று சொல்ல மனம் விழைகின்றது. ஆனால் சான்றின்றி அங்ஙனம் துணிவது அவருடைய விதியையே மீறுவதாகும்!

அதே 1870 இல், மருத்துவம் கற்றுத் தேறியிருந்த 28 வயது இளைஞர் ஜேம்ஸ் கடும் மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தார். மனிதனுக்குச் சுதந்திர சித்தம் உண்டா என்னும் ஐயம் அவரை வாட்டியது. அஃது உண்டென நம்புவதையே தம் சுதந்திரத்தின் முதற்செயலாகக் கொள்வதென அவ்வாண்டு ஏப்பிரலில் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1896 இல் யேல், பிரவுன் சர்வகலாசாலைகளின் தத்துவ மன்றங்களுக்கு அவர் ஆற்றிய உரை, கிளிஃபோர்டுக்கு மறுப்பாக அமைந்தது. 1879 இல், 33 ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட கிளிஃபோர்ட் அதனைக் கேட்கும் வாய்ப்பைப் பெறவில்லை.

ஜேம்ஸ் எதையும் நம்பலாம் என்றாரல்லர். தெரிவு நம் உள்ளத்தைத் தொடுவதாயிருத்தல் வேண்டும், தவிர்க்கவியலாததாதல் வேண்டும், வாழ்வையே மாற்றும் பெருமையுடையதாதல் வேண்டும், அறிவுச் சான்றுகளால் தீர்க்கவொண்ணாததுமாதல் வேண்டும். அத்தகைய இடத்தில் தீர்மானிக்காதிருப்பதும் ஒரு தீர்மானமே. அதிலும் இழப்பு உண்டு. பிறன் அன்பை முன்கூட்டியே நம்பாதவன் நட்பைப் பெறான். பிளவைத் தாண்டமுடியும் என்று நம்பாத மலையேறி தாண்டான்.

உவமைகள் அழகியவையே. ஆயினும், நம்பினால் நட்பு உண்டாகலாம். நம்பினால் கடவுள் உண்டாகிவிடுவாரோ? இல்லாத ஒருவரை நம் நம்பிக்கை இருக்கச் செய்யாது. எனவே ஜேம்ஸின் வாதத்தில் எஞ்சி நிற்பது ஒன்றே: சான்று தீர்க்கவியலாத இடத்தில் துணிந்து வாழும் உரிமை மனிதனுக்கு உண்டு.

அவ்வுரிமையின் எல்லை யாது? அவ்விரு உவமைகளையும் அருகருகே வைத்து நோக்குக. கப்பற்காரன் பணயம் வைத்தது பிறர் உயிரை. அதுவும், சோதித்தறியக்கூடிய உண்மையைச் சோதியாது. மலையேறி பணயம் வைத்தது தன் உயிரை. அவனுக்கோ சோதிக்க வழியில்லை. வேறுபாடு இங்கேதான் உளது. துயரிலே பிரார்த்தனை செய்யும் தாயிடம் சான்று கேட்பது அறிவுடைமையன்று. ஆனால் அதே நம்பிக்கையின் பெயரால் நோயுற்ற பிள்ளைக்கு மருந்தை மறுப்பவரிடம் சான்று கேளாதிருப்பது அறமன்று.

எவருடைய நம்பிக்கையும் முற்றிலும் அவருக்கு மட்டுமே உரியதன்று என்றார் கிளிஃபோர்ட். அது மெய்யே. ஆதலால் நம்புவோன் தன் நம்பிக்கையை அறிவு என்று பிறர்மேற் சுமத்தாது, துணிவு என்றே உணர்ந்து ஒழுகுதல் வேண்டும். அவ்வாறு ஒழுகுவானாயின், சான்றில்லாத அவனது நம்பிக்கையும் நியாயமானதே. பயணம் செய்வோன் தான் மட்டுமாயின் பழைய கப்பலிலும் ஏறலாம். பிறரை ஏற்றுமுன் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தல் கடன்.