கடையில் நெட்வொர்க் பிரிண்டர்: மூன்று கட்டளைகள்

பண்டிகைக் கூட்டத்தில் பில் அச்சாகாமல் நின்றால் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே, இரண்டு மூன்று கவுண்டர்களுக்கு ஒரே நெட்வொர்க் பிரிண்டர் வைத்திருக்கும் வியாபாரிகள், அதைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறக்கவும். பிரிண்டர் கம்பெனி தந்த டிரைவர் கோப்பை 'பிஎன்பியூடில்' மூலம் ஏற்றவும். பிறகு இதே வரிசையில் மூன்று கட்டளைகள்:

1. 'ஆட்-பிரிண்டர்டிரைவர்' டிரைவரைப் பதிவு செய்யும். பெயர், கம்பெனிக் கோப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

2. 'ஆட்-பிரிண்டர்போர்ட்' பிரிண்டரின் ஐ.பி. முகவரிக்கு வழி அமைக்கும்.

3. 'ஆட்-பிரிண்டர்' இவ்விரண்டையும் இணைத்துப் பிரிண்டரைச் சேர்க்கும். இதை முதலில் கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும்.

இக்கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அடுத்த கவுண்டருக்கும் அதுவே உதவும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாளில் பில் நின்றுபோவது உண்டு. மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவரை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரில் பிரிண்டருக்கென்று நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

கல்லாச் சாவியைப் போல அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டும் முதலாளியின் கையிலேயே இருக்கட்டும்.