ஊரும் சேரியும்: குடியிருப்புப் பிரிவினையைக் களையும் வழிகள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதியில் பல மொழியினரும் பல நாட்டினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். நிலத்தின் விலையும் வாடகையும் உயர்ந்துவிட்ட அவ்விடத்தில் பணமுடையோர்க்கு இடமுண்டு. அதே மாவட்டத்தைச் சேர்ந்த தென்முடியனூரிலோ, பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறையின் பாதுகாப்புடன் நுழைந்தது 2023ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாளில்தான். கடல் கடந்து வந்தவர் அண்டை வீட்டாராகலாம். அவ்வூரிலேயே பிறந்தவர் ஆகலாகாது. இம்முரண்பாட்டின் வேர், ஊரும் சேரியும் வெவ்வேறு நிலங்களில் நிற்பதாகும்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் வீடுகளை இடம் மாற்றவில்லை. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தினால் ஏழைகள் பலர் மனை பெற்றனர். எனினும் அம்மனைகள் பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியே அமைந்தன. கூரை கிடைத்தது; தூரம் குறையவில்லை.

இதற்கு மாற்றாக 1997இல் அறிவிக்கப்பட்டதே பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம். முதலாவது சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் ஒதுக்கப்பட்டன. சுடுகாடும் பொதுவானதே. இத்தகைய குடியிருப்புகள் இருநூறுக்கும் மேல் எழுந்தன. ஆயினும் இவை புதிய இடங்களில் எழுந்தமையால், பழைய ஊரும் சேரியும் இருந்தவாறே இருந்தன. ஆட்சி மாறியபோது பராமரிப்பும் குன்றியது.

தமிழரும் வாழும் சிங்கப்பூரில் 1989 முதல் ஒவ்வோர் அரசு அடுக்குமாடிக் கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு உண்டு. வீட்டை மறுவிற்பனை செய்யும்போதும் அது பொருந்தும். சிறுபான்மையினர் தம் வீட்டை விற்க நேரும்போது வாங்குவோர் குறைந்து விலை இறங்குவதும் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: கலந்து வாழ்தல் சில மாதிரிக் குடியிருப்புகளோடு நின்றுவிடாமல், அன்றாட வீட்டு ஒதுக்கீட்டின் விதியாக வேண்டும். அரசு வழங்கும் மனைகள் ஊருக்குள்ளேயே அமைய வேண்டும்; ஊர்ப் பொது நிலம், குடிநீர், சுடுகாடு ஆகியவை ஒன்றாக வேண்டும்.

திருச்சபைக்கு இதில் பங்கில்லையா? கார்ல் ஓக்ஸ் என்னும் அருட்பணியாளர், சபைக்குள் சாதிக்கு இடமளிப்பதை ஏற்காது லைப்சிக் மிஷனை விட்டு விலகினார். அவர் தொடங்கிய பணி 1860களில் டேனிஷ் மிஷனோடு இணைந்தது. அதிலிருந்து வளர்ந்ததே திருவண்ணாமலையிலும் பணியாற்றும் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இவ்வரலாறு நமக்குப் பெருமை மட்டுமன்று, பொறுப்புமாகும். சபைகளின் கையில் நிலமும் குடியிருப்புகளும் கல்லறைத் தோட்டங்களும் உள்ளன. கிராம சபையில் அரசிடம் நாம் கோருவதை, நம் வளாகத்தில் நாமே முதலில் செய்யலாம். நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என எபேசியர் நிருபத்திலிருந்து பிரசங்கிக்கும் குருவானவர், தம் சபையின் கல்லறைத் தோட்டத்தில் யார் எப்பகுதியில் அடக்கம் செய்யப்படுகின்றனர் என்பதை ஒருமுறை நடந்து பார்ப்பது நலம்.