கூகுள் ரீடர் போன பிறகு

மழைக்காலத்தில் வத்தலக்குண்டு சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் பஸ் நிற்கும். சில நேரம் இணையமும் நிற்கும். கொடைக்கானலில் பகுதிநேர நிருபராக இருப்பவன், வருகிற கொஞ்சநஞ்ச நெட்வொர்க்கை வைத்துக்கொண்டு காலையிலேயே நாலு பத்திரிகைத் தளம், பத்து வலைப்பதிவு பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தால் விளம்பரம் இறங்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால்தான் கூகுள் ரீடரை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் எளிது. பெரும்பாலான செய்தித் தளங்களும் வலைப்பதிவுகளும், நாம் பார்க்கும் பக்கத்துக்குப் பின்னால் ஆர்.எஸ்.எஸ். என்ற சிறு கோப்பு ஒன்றை வைத்திருக்கும். புதிதாக வந்தவற்றின் தலைப்பு, தேதி, சுருக்கம், இணைப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான் அதில் இருக்கும். இதைத்தான் ஃபீட் என்கிறார்கள். ரீடர் அந்தக் கோப்புகளை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதியவற்றை ஒரே பட்டியலாகக் காட்டும். எது நமக்குப் பிடிக்கும் என்றெல்லாம் யோசிக்காது. அந்த அசட்டுத்தனம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

2005இல் வந்த அந்த ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தார்கள். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்களாம். ஜூலை 1 கடைசி நாள். எங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு விவகாரம் பற்றி எழுதுகிறவர்களை எல்லாம் அதில்தான் சேர்த்து வைத்திருந்தேன். ஃபீட்லி என்ற இன்னொரு ரீடருக்கு 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் குடிபெயர்ந்தார்கள். டிக் நிறுவனமும் அந்த ஜூனிலேயே ஒரு ரீடரைத் திறந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. 2018 மார்ச்சில் அதையும் மூடிவிட்டார்கள்.

தமிழ் வலைப்பதிவு உலகம் இந்த மூடுவிழாவை முன்பே பார்த்துவிட்டது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டியைத் திறந்துதான் இன்று யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். பிறகு தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி என்று வேறு திரட்டிகளும் வந்தன, சில நின்றும் போயின. ஒரு திரட்டி நின்றால் பதிவுகள் அழிவதில்லை. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் திரட்டியை நடத்தியவர்களிடம் இருந்தது, நம்மிடம் இல்லை.

ஆகவே மாற்று தேடும்போது முதலில் அமைப்புகள் பக்கத்துக்குப் போய், பட்டியலை வெளியே எடுக்கப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அத்தோடு சரி. எடுத்தால் கிடைப்பது ஓ.பி.எம்.எல். என்ற கோப்பு. கூகுள் கொடுத்ததை நோட்பேடில் திறந்து பார்த்தேன். தளத்துக்கு ஒரு வரி. அதில் பெயரும் ஃபீட் முகவரியும். நடுநடுவே நான் வைத்த கோப்புறைகளின் பெயர்கள்: கோர்ட், வனத்துறை, மழை, சும்மா. இருப்பதில் பெரிய உறை சும்மாதான். எழுதுவதை நிறுத்திவிட்டவர்களின் வரிகளை அழிக்கவில்லை. ஒன்றும் வராத ஃபீட் இடத்தை அடைப்பதில்லை, சிலர் வருடங்கள் கழித்துத் திடீரென்று எழுதுவார்கள். அந்தக் கோப்பைப் புது ரீடரில் ஏற்றினால் உறைகளோடு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சில காலம் ஃபீட்லியில் இருந்தேன். இலவசக் கணக்கில் 100 தளம்தான். இப்போது ஆண்ட்ராய்டு போனில் ஃபீடர் என்ற செயலி. கணக்கு தொடங்க வேண்டாம், பட்டியல் போனிலேயே இருக்கும். ஐபோன்காரர்களுக்கு நெட்நியூஸ்வயர் இலவசம். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பட்டியல் வேண்டுமென்றால் இனோரீடர் பார்க்கலாம். ஃபீட் முகவரி தெரியாவிட்டால் தளத்தின் முகவரியைக் கொடுத்தாலே இந்தச் செயலிகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஃபேஸ்புக்குக்குக் குடிபோன எழுத்தாளர்களுக்கு மட்டும் இதில் வழியில்லை. அவர்கள் மீது எனக்குக் கோபம்தான்.

“எல்லாம் வாட்ஸ்அப் குரூப்புலயே வருதேண்ணே, இது எதுக்கு?” என்று எங்கள் ஊர் மூஞ்சிக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி கேட்பான். 2024இல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது உள்ளூர்க்காரர்களுக்கும் பாஸ் வேண்டும் என்று அவன் குரூப்பில் ஒரே அமளி. என் கோர்ட் உறையில் உயர் நீதிமன்ற உத்தரவுச் செய்தி கிடந்தது: மே 7 முதல் ஜூன் 30 வரை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு. போனை நீட்டினேன். படித்துவிட்டு, “இத அனுப்புங்கண்ணே” என்று வாங்கி அதையே குரூப்பில் போட்டான்.