தலைக்கு மேல் டவர் லைன்: ஒரு போட்டோ எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கையில் டியூப்லைட். வயர் இல்லை, சோக் இல்லை, ஸ்விட்ச் இல்லை. ஆனாலும் எரிகிறது. கொங்கு மண்டலத்தில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் போராடியபோது, இருட்டில் மின்கம்பிகளுக்குக் கீழே டியூப்லைட்டைப் பிடித்தபடி நின்றார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது பலரும் கேட்ட முதல் கேள்வி, ‘இது போட்டோஷாப்பா?’ இரண்டாவது கேள்வி, ‘அப்போ அதுக்குக் கீழ குடியிருக்கறவங்க கதி?’

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். படம் உண்மைதான். இதையே ஒரு கலைப்படைப்பாகச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பாக்ஸ். 2004-ல் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரு வயலில், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே 1,301 டியூப்லைட்டுகளை நாற்று நட்டதுபோல நட்டுவைத்தார். பொழுது சாய்ந்ததும் வயலே ஒளிர்ந்தது. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. மின்கம்பியைப் படமெடுத்தால் கம்பிதான் தெரியும். அதைச் சுற்றியிருக்கும் மின்புலம் தெரியாது. அதைக் கண்ணுக்குக் காட்டியதுதான் பாக்ஸ் செய்த வேலை.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. சென்னை புறநகரிலோ கோவையிலோ வீட்டு லோன் போட்டு மனை பார்க்கும் ஒருவருக்கு, தரகர் சொல்லும் ‘லைன் ஓரமாத்தான் சார் போகுது, ஒண்ணும் ஆகாது’ என்பதும் பொருந்தாது. உறவினர் சொல்லும் ‘அங்க குடிபோனா கேன்சர் வரும்’ என்பதும் பொருந்தாது.

டியூப்லைட் ஏன் எரிகிறது?

400 கேவி லைனுக்கு நேர் கீழே, தரைமட்டத்தில் ஒரு மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் அளவில் மின்புலம் இருக்கும். டியூப்லைட்டின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உள்ளே இருக்கும் பாதரச ஆவியைத் தூண்டிவிடப் போதுமானது. அதனால் ஒளிர்கிறது. ஆனால் அதில் பாயும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. எல்இடி டியூப்பில் இந்த வேடிக்கை நடக்காது.

டியூப்லைட் எரிவது மின்புலம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அது உடம்புக்குக் கெடுதல் என்பதற்குச் சாட்சி அல்ல. விவசாயிகளின் போராட்டத்தில் நியாயம் இருந்தது, அதற்குப் பின்னால் வருவோம். ஆனால் அந்த நியாயத்தை டியூப்லைட்டை வைத்து நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்து ரீல்ஸ் போட நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். நாலடி டியூப்பைத் தலைக்கு மேல் தூக்குவது, கம்பிக்கு நாலடி நெருங்குவதற்குச் சமம்.

லைனுக்குக் கீழே நிறுத்திய காரைத் தொடும்போது சுருக்கென்று குத்துவதும், தகரக் கூரையிலோ கம்பி வேலியிலோ லேசாக ஷாக் அடிப்பதும் இதே மின்புலத்தின் வேலைதான். எர்த் செய்யப்படாத உலோகப் பொருளில் மின்னேற்றம் சேர்ந்துவிடுகிறது. வேலியையும் கூரையையும் முறையாக எர்த் செய்தால் இது நின்றுவிடும். மழை, பனி நேரத்தில் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல் கம்பியைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் அடைவதால் வருவது. கொரோனா என்று பெயர், அந்தக் கொரோனா இல்லை.

கேன்சர் வருமா?

மின்புலத்தை வீட்டுச் சுவரும் மரங்களும் பெருமளவு தடுத்துவிடும். சுவரைத் தாண்டி உள்ளே வருவது காந்தப்புலம். விஞ்ஞானிகளின் கவலை அதைப் பற்றித்தான். 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஆய்வு ஒன்று, மின்கம்பிகளுக்கு அருகே வசித்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. அதன்பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து 2000-ல் பார்த்தபோது, வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது.

இரண்டு மடங்கு என்றதும் பயம் வரும். எதன் இரண்டு மடங்கு என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருவது ஆண்டுக்கு லட்சத்தில் ஒருசிலருக்குத்தான். அந்த ஆய்வுகளில் 0.4-ஐத் தாண்டிய வீடுகளில் இருந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தக் காந்தப்புலத்தை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது, உறுதியாகச் சொல்லப் போதாது என்பதுதான் அதன் பொருள். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி பிரிவில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் சுவாரசியமானவை. 2005-ல் வெளியான ஆய்வு, லைனிலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளிடம் மட்டுமல்ல, 600 மீட்டர் வரைக்கும்கூடப் பாதிப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. ஆனால் அவ்வளவு தூரத்தில் லைனின் காந்தப்புலம் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. பிறகு கூடுதல் ஆண்டுகளின் தரவைச் சேர்த்து 2014-ல் பார்த்தபோது, அந்தக் கூடுதல் பாதிப்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்துகொண்டே வந்திருந்தது. கம்பி அங்கேயேதான் இருக்கிறது, கரண்டும் குறையவில்லை. அப்படியானால் காரணம் கம்பி அல்ல, அங்கே குடியிருந்தவர்களின் வாழ்நிலை போன்ற வேறு ஏதோ ஒன்று என்ற சந்தேகம் வலுக்கிறது.

எண்களை வைத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். லைனுக்கு நேர் கீழே காந்தப்புலம் அதிகபட்சம் 20 மைக்ரோடெஸ்லா வரை போகலாம். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200. மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் சில ஹேர் டிரையர்கள் 2,000 வரை காட்டும். ஆனால் ஹேர் டிரையர் ஐந்து நிமிடம், லைன் 24 மணி நேரம். அதனால்தான் இந்த ஒப்பீடு முழுசாகச் செல்லாது. 50 முதல் 100 மீட்டர் தள்ளிப் போய்விட்டால், லைனே இல்லாத தெருவில் இருக்கும் அளவுக்குப் புலம் குறைந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை இருக்கும் வீடு, வேறு மனை கிடைக்கும், அதே விலை என்றால் தள்ளிப் போவதில் தப்பில்லை. ஏற்கெனவே 60 மீட்டர் தூரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் தேவையில்லை.

உண்மையான ஆபத்து எங்கே?

மின்கம்பியால் இங்கே நடக்கும் சாவுகள் கண்ணுக்குத் தெரியாத புலத்தால் வருவதில்லை. கம்பியைத் தொடுவதாலும் நெருங்குவதாலும் வருகின்றன. மாங்காய் பறிக்கும் இரும்புத் தொரட்டி, மாடியில் தூக்கும் கட்டுமானக் கம்பி, போர்வெல் லாரியின் உயரும் மாஸ்ட். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சாலையை மேல் மேலே போட்டுக்கொண்டே போனால் தரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி தானாகக் குறைந்துவிடும் என்பதைப் பல ஊர்களில் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இதில் போட்டோவுக்கும் பங்குண்டு. நிற்கும் சரக்கு ரயில் பெட்டியின் மேல் ஏறி செல்ஃபி எடுக்கும் இளைஞர்கள் கருகிய செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. ரயில்வே மின்கம்பியில் ஓடுவது 25 கேவி. ‘தொடலையே, அப்புறம் எப்படி?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். தொட வேண்டியதில்லை. போதுமான அளவு நெருங்கினால் மின்சாரம் காற்றைத் தாண்டி உடம்புக்குப் பாயும். அந்தக் கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. பெட்டியின் மேல் நிற்பவருக்கு அந்த 2 மீட்டர் மிஞ்சாது.

வீட்டுக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கின்றன. தெருவில் போகும் 11 கேவி லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலே போனால் 3.7 மீட்டர். 33 கேவியைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு 33 கேவிக்கும் 0.3 மீட்டர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பார்த்தால் 110 கேவிக்குப் பக்கவாட்டில் 2.9, மேலே 4.6 மீட்டர். 230 கேவிக்கு 3.8 மற்றும் 5.5. 400 கேவிக்கு 5.6 மற்றும் 7.3.

கவனிக்க வேண்டியது, மேலே உள்ள இடைவெளியைக் கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்த நிலையிலும், பக்கவாட்டு இடைவெளியைக் காற்றில் அதிகபட்சமாக ஆடிய நிலையிலும் கணக்கிட வேண்டும். கம்பி வெயிலில் நீளும், லோடு கூடினாலும் நீளும். மார்கழிக் காலையில் பார்த்த கம்பியும் சித்திரை மதியம் பார்க்கும் கம்பியும் ஒரே உயரத்தில் இருக்காது. ‘மாடி மேல இன்னொரு ஃப்ளோர் எடுக்கலாமா’ என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இது போக, லைனுக்கென ஒரு வழித்தட அகலம் உண்டு. 110 கேவிக்கு 22 மீட்டர், 400 கேவிக்கு 46 மீட்டர். இந்தப் பட்டைக்குள் மனை வாங்குவதுதான் பெரிய தலைவலி. காரணம், டவர் லைனுக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு வழியே பெற்று, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா உரிமையாளர் பேரிலேயே இருக்கும். அதனால் வில்லங்கச் சான்றில் லைன் பெரும்பாலும் தெரியாது. அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தையும், நேரில் போய் வானத்தையும் பார்ப்பதுதான் வழி.

கொங்கு விவசாயிகளின் கோபம் இந்த இடத்தில்தான் தொடங்கியது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கேவி நேர்மின்சார லைன், அங்கிருந்து திருச்சூருக்கு 320 கேவி லைன். நிலம் நம் பேரில், ஆனால் அதில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் விலை இல்லை. 2015-ல் மத்திய மின்துறை வகுத்த வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரச் சொன்னது. 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்ந்தது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும்.

‘ரோட்டோரமா கேபிளா புதைச்சுட்டுப் போங்க’ என்ற விவசாயிகளின் கோரிக்கைக்கு ஓர் உதாரணமும் கையில் இருந்தது. அதே புகளூர் - திருச்சூர் லைன், கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் பூமிக்கடியில்தான் போகிறது. நேர்மின்சாரத்தில் இது சாத்தியம். மாறுமின்சாரத்தில் நீண்ட தூரத்துக்குக் கேபிள் புதைத்தால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கிபோல நடந்துகொண்டு கரண்டைத் தின்னத் தொடங்கும். செலவும் பல மடங்கு. அதனால் எல்லா லைனையும் புதைத்துவிட முடியாது. எதையுமே புதைக்க முடியாது என்று சொல்வதும் சரியில்லை.

போனை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

தரையில் நின்றபடியே போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுத்தால், எந்த லைன் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கோபுரத்தின் கையிலிருந்து கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகளை எண்ண வேண்டும். ஏழு முதல் ஒன்பது வரை இருந்தால் 110 கேவி. பதின்மூன்று, பதினான்கு என்றால் 230. இருபதைத் தாண்டினால் 400. ஒரே கம்பிக்குப் பதில் இரண்டு அல்லது நான்கு கம்பிகள் கொத்தாகப் போனால், 400 கேவியோ அதற்கு மேலோ இருக்க வாய்ப்பு அதிகம். புதிய லைன்களில் தட்டுகளுக்குப் பதில் ஒற்றை ரப்பர் தண்டு போன்ற பாலிமர் இன்சுலேட்டர் இருக்கும், அதில் இந்தக் கணக்கு எடுபடாது. அப்போது கோபுரத்தின் அபாயப் பலகையில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படம் எடுத்தால் போதும்.

இடைவெளியைப் போட்டோவிலிருந்து அளக்க முடியாது. கோணத்துக்குக் கோணம் மாறிவிடும். டேப்பையோ கம்பையோ நீட்டி அளக்க முயல்வது உயிருக்கு உலை. அதற்குரிய கருவியோடு வந்து அளப்பது மின்வாரியத்தின் வேலை. கட்டடம் கட்டும் முன்பே அவர்களிடம் எழுதிக்கொடுத்து அளக்கச் சொல்லலாம். ஏற்கெனவே இருக்கும் லைனை நம் கட்டடத்துக்காக நகர்த்த வேண்டுமென்றால் செலவு நம்முடையது.

தொய்ந்த கம்பி, உடைந்த இன்சுலேட்டர், கம்பியைத் தொடும் மரக்கிளை என்றால் மின்னகம் எண்ணான 94987 94987-ல் 24 மணி நேரமும் சொல்லலாம். அப்போது மின் இணைப்பு எண்ணோடு, பக்கத்துக் கம்பத்திலோ கோபுரத்திலோ எழுதியிருக்கும் எண்ணையும் சொன்னால் லைன்மேன் தேடி அலைய வேண்டியிருக்காது. தொய்வைக் காட்டும் படம் எடுப்பதானால் மதியம் இரண்டு மூன்று மணிக்கு எடுப்பது நல்லது. கம்பி மிகவும் கீழே இறங்கியிருக்கும் நேரம் பெரும்பாலும் அதுதான்.