கேம்ஷாஃப்டின் நான்கு எண்கள்

பழைய காரின் இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது பிஸ்டன், பேரிங் போன்றவற்றின் அளவைக் கண்டுபிடிப்பது பெரிய பாடில்லை. உள்ளே கிடக்கும் கேம்ஷாஃப்ட் எந்த ரகம் என்பதில்தான் பலரும் திணறுகிறார்கள். எத்தனையோ கை மாறிய வண்டி அது. அந்த ஷாஃப்ட் கம்பெனி போட்டதா, இடையில் யாராவது மாற்றியதா, அரைத்துச் சரிசெய்ததா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவிடுவது கேம்ஷாஃப்டின் வேலை. கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். அதன் குணத்தை நான்கு எண்களில் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1,798 சிசி இன்ஜினும் நம் அம்பாசிடரில் ஓடிய 1,489 சிசி இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தில் பிறந்தவை. எம்ஜிபியின் வழக்கமான கேம்ஷாஃப்டுக்கு உரிய எண்கள் 16, 56, 51, 21.

பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க்ஷாஃப்டின் சுற்றில் 16 டிகிரி இருக்கும்போதே இன்லெட் வால்வு திறக்கிறது. பிஸ்டன் அடிக்குப் போய், மறுபடி ஏறத் தொடங்கி 56 டிகிரி ஆன பிறகு மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு, அடிக்கு 51 டிகிரி முன்பே திறந்து உச்சி தாண்டி 21 டிகிரியில் மூடுகிறது. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 252 டிகிரி திறந்திருக்கிறது. அதில் 37 டிகிரிக்கு இரண்டுமே திறந்திருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது சுமார் இரண்டு மில்லி விநாடி. வேகமாக வெளியேறும் புகை அந்த நேரத்தில் புதுக் கலவையை உள்ளே இழுக்கிறது. இந்த 37 கூடினால் அதிக வேகத்தில் சக்தி கிடைக்கும், ஐடிலில் இன்ஜின் தடுமாறும். ஆரம்பகால 848 சிசி மினியில் எண்கள் 5, 45, 40, 10. அங்கே இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது 15 டிகிரிதான்.

ஆனால் எண்கள் மட்டும் கையில் இருந்தால் போதாது. எப்படி அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். எம்ஜிபியில் கேம்ஷாஃப்டின் மேடு டாப்பெட்டைத் தூக்க, அது புஷ்ராட், ராக்கர் வழியாக வால்வைத் திறக்கிறது. வண்டி ஓடுவதற்கான டாப்பெட் இடைவெளி 0.015 அங்குலம். வால்வு டைமிங் சரிபார்க்க மேனுவல் வேறொரு பெரிய இடைவெளியைத் தருகிறது. இடைவெளி கூடினால் வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், எண்களும் மாறிவிடும். டாப்பெட் 0.050 அங்குலம் எழும்பிய இடத்திலிருந்து டிகிரியைக் கணக்கிடுவது அமெரிக்கக் கேம் தயாரிப்பாளர்களின் வழக்கம். அதே ஷாஃப்டை அப்படி அளந்தால் 252 வராது, வெகுவாகக் குறையும். எழும்பும் உயரமான லிஃப்டும் இப்படித்தான். எம்ஜிபியின் வால்வு 0.3645 அங்குலம் எழும்புகிறது. ராக்கர் சுமார் 1.4 மடங்கு பெருக்கித் தருவதால், டாப்பெட்டில் அளந்தால் கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

ஏடு எதுவும் இல்லாவிட்டாலும் இரும்பையே கேட்டுவிடலாம். கிராங்க்ஷாஃப்ட் முனையில் டிகிரி தட்டைப் பொருத்த வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிவரை அசைவே தெரியாமல் நிற்பதால் உச்சியை நேரடியாகப் பிடிக்க முடியாது. ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பைப் பொருத்தி, பிஸ்டன் முட்டும்வரை இன்ஜினைக் கையால் மெதுவாகத் திருப்பிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எதிர்த்திசையில் திருப்பி, முட்டும் இடத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பதே உண்மையான உச்சி. தடுப்பைக் கழற்றிவிட்டு, புஷ்ராடின் மேல் டயல் கேஜை வைத்து, முள் 0.050 அங்குலம் காட்டும் இரண்டு இடங்களையும் குறித்தால், கேம் மேட்டின் மையமும் அதே நடுப்புள்ளிக் கணக்கில் கிடைத்துவிடும்.

எட்டு மேடுகளையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் லிஃப்ட் குறைவாகக் காட்டினால் அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதன் எண்ணை நம்பக் கூடாது. புது ஷாஃப்ட் போடும்போது பழைய டாப்பெட்டுகளைத் திரும்பப் போடவும் கூடாது. பழைய மேட்டோடு உரசிப் பழகிய முகம் புது மேட்டைச் சீக்கிரமே தின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டு அளந்ததை எழுதி வைப்பது நம் கடமை. எந்த இடைவெளியில், எந்த உயரத்தில், டாப்பெட்டிலா வால்விலா அளந்தோம் என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால்தான் அடுத்து அந்த இன்ஜினைத் திறப்பவருக்கு நம் எண்கள் பயன்படும்.